பஞ்சாயத்துக்குப் பணம் வந்தும் ஊர் ஏன் மாறவில்லை?

கேள்வி இதுதான்: "எங்கள் ஊராட்சிக்கு ஆண்டுக்கு முப்பது லட்சத்துக்கு மேல் வருவதாகச் சொல்கிறார்கள். குடிதண்ணீர் இன்னும் மூன்று நாளைக்கு ஒருமுறைதான். நிதியைக் கீழ்மட்டத்துக்குப் பிரித்துக் கொடுத்தால் ஊர் வளரும் என்பதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானா?" இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. வந்த பணம் எங்கே போனது என்பது ஒன்று. நிதிப் பரவலாக்கம் என்கிற ஏற்பாட்டுக்கும் ஓர் ஊரின் வளர்ச்சிக்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் சில பகுதி உறுதி, சில பகுதி இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

நான் ஊரக வளர்ச்சித் துறையில் பல ஒன்றிய அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரும்பகுதி காலம் ஊராட்சிக் கணக்குகளோடும் தணிக்கையோடும் போனது. அதனால் கிராம ஊராட்சி பற்றி நேரில் கண்டதை வைத்துப் பேச முடியும். நகராட்சி, மாநகராட்சி நிதி வேறு மாதிரி இயங்குவது. இங்கே சொல்வதை அப்படியே அங்கே பொருத்த வேண்டாம்.

முதலில் பணம் வரும் வழி. 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு மாநிலமும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாநில நிதிக்குழு அமைத்து, தன் வருவாயில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்க வேண்டும் என்று அது சொன்னது. தமிழ்நாட்டில் அப்படி வந்த பரிந்துரைகளின் வழியே மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்கு என்பது நிலைத்தது. அந்தப் பத்திலும் ஒரு பகுதியை மாநில அளவிலேயே தனி நிதிகளாக எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தை ஊரகத்துக்கும் நகரத்துக்கும் பிரிப்பார்கள். இது போக, மத்திய நிதிக்குழு மானியம் டெல்லியிலிருந்து மாநில அரசு வழியாக வரும். மூன்றாவது, ஊராட்சி தானே வசூலிப்பது: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், சந்தை, குளம், மரம் ஏலம் விட்ட பணம்.

இப்போது உங்கள் முப்பது லட்சத்துக்கு வருவோம். ஊரில் இப்படிச் சொல்லப்படும் தொகையில் பெரும்பாலும் நூறு நாள் வேலைக் கூலியும் வீடு கட்டும் மானியமும் சேர்ந்திருக்கும். அவை நேராகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறவை. ஊராட்சியின் பெயர் தாளில் இருக்கும், பணத்தின் மேல் ஊராட்சிக்குக் கை கிடையாது. அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். மத்திய மானியம் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2021-22 முதல் ஐந்து ஆண்டுகளுக்கான 15-வது நிதிக்குழுவின் விதிப்படி அதில் ஆறு லட்சத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான் செலவழிக்கலாம், இரண்டுக்கும் பாதிப் பாதி. மிச்சம் நாலு லட்சம் ஊரின் விருப்பத்துக்கு, ஆனால் அதிலும் சம்பளமோ அலுவலகச் செலவோ எழுதக் கூடாது. அப்புறம் அந்தப் பத்து சதவீதத்திலிருந்து வரும் மாநில நிதிக்குழு மானியம். தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின் கட்டணம், பல ஊர்களுக்குச் சேர்த்துத் தண்ணீர் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கான தொகை, தூய்மைப் பணியாளர் கூலி, தொட்டி ஆபரேட்டர் சம்பளம், பல்பு, பிளீச்சிங் பவுடர், மோட்டார் காயில் கட்டுவது எல்லாம் முதன்மையாக இதிலிருந்துதான். சிறிய ஊராட்சியில் இவற்றைக் கட்டி முடித்தால் கையில் நிற்பது ஒரு தெருவுக்கு பேவர் பிளாக் போடும் அளவுக்குத்தான் இருக்கும். சில மாதங்களில் அதுவும் இருக்காது.

"அப்படியானால் யாரும் திருடவில்லையா?" என்று கேட்பீர்கள். திருட்டு உண்டு. போடாத ரோட்டுக்கு எம்-புக் (வேலையை அளந்து பதியும் புத்தகம்) எழுதியதையும், வாங்காத விளக்குக்குச் செலவுச்சீட்டு வைத்ததையும் தணிக்கையில் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் திருட்டு என்று சொல்லி முடித்துவிட்டால், ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் ஊராட்சியிலும் ஏன் தண்ணீர் வரவில்லை என்பதற்குப் பதில் இருக்காது. அப்படிப்பட்ட ஊராட்சிகளும் நிறைய இருக்கின்றன.

உங்கள் தண்ணீர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மானியத்தில் குடிநீருக்கென்றே ஒதுக்கிய பணம் இருக்கிறது. அதில் புதுக் குழாய் போடலாம், தொட்டியைச் செப்பனிடலாம், மோட்டார் மாற்றலாம். உங்கள் ஊர் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருந்தால், தொட்டிக்கு எவ்வளவு தண்ணீர் ஏறும் என்பது ஊராட்சியின் கையில் இல்லை. அது குடிநீர் வடிகால் வாரியத்தின் பிரதானக் குழாயைப் பொறுத்தது. மேல்மடையில் இருக்கும் ஊர்கள் இழுத்துக்கொண்டது போகக் கடைசி ஊருக்குச் சொட்டும். ஆபரேட்டர் வால்வைத் திருகிக் கிழக்குத் தெருவுக்கு ஒருநாள், மேற்குத் தெருவுக்கு ஒருநாள், காலனிக்கு ஒருநாள் என்று விடுவார். மூன்று நாளைக்கு ஒருமுறை என்ற கணக்கு இப்படித்தான் வந்திருக்கும். ஊர்க்காரர்கள் கோபத்தில் தலைவர் வீட்டு வாசலில் குடத்தோடு நிற்பார்கள். தலைவரால் செய்ய முடிந்தது வாரியத்தின் உதவிப் பொறியாளருக்குப் போன் போடுவது மட்டும். பணம் ஊராட்சியில், தண்ணீர் இன்னொரு துறையில், பொறுப்பு மட்டும் தலைவர் தலையில். நிதிப் பரவலாக்கம் அரைகுறையாக நடந்தால் ஊரில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையம் இதுதான். எத்தனை லட்சம் வருகிறது என்பதைவிட, அதை எதற்குச் செலவழிப்பது என்று ஊரே முடிவு செய்ய முடிகிறதா, அந்த முடிவை நிறைவேற்றும் ஆட்கள் ஊராட்சியின் சொல் கேட்கிறார்களா என்பதுதான் ஊர் மாறுவதைத் தீர்மானிக்கிறது. அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை விவசாயம், சிறு பாசனம், தொடக்கக் கல்வி, சுகாதாரம் என்று 29 துறைகளைப் பட்டியல் போடுகிறது. அவற்றை ஊராட்சிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. மாநில சட்டமன்றம் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டது. தமிழ்நாட்டில் விளக்கு, தண்ணீர், சாக்கடை, சின்னத் தெரு, சுடுகாடு ஆகியவைதான் ஊராட்சியிடம் நிஜமாக இருக்கின்றன. பள்ளிக்கூடத்து ஆசிரியரோ, கால்நடை மருத்துவரோ, வேளாண்மை உதவி அலுவலரோ ஊராட்சித் தலைவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அல்லர். பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பம் போட வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால் மாதக்கணக்கில் எதுவும் நகராது. மதிப்பீடு போட ஒன்றியப் பொறியாளர், மேற்பார்வைக்கு வட்டார வளர்ச்சி அலுவலரான பி.டி.ஓ., எல்லாவற்றுக்கும் மேலே மாவட்ட ஆட்சியர். 1994-ம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205-வது பிரிவின்படி, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரமும் அவரிடம் இருக்கிறது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம், பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கேரளம் 1996 ஆகஸ்டில் மக்கள் திட்டமிடல் இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கியது. தொகை பெரிதுதான், ஆனால் அதைவிட முக்கியமானவை வேறு இரண்டு. ஒன்று, மாநில பட்ஜெட்டோடு 'நான்காம் இணைப்பு' என்று ஓர் ஆவணம் வரும். எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்று பெயர் பெயராக அதில் அச்சாகியிருக்கும். பட்ஜெட் வைத்த அன்றே ஒரு பஞ்சாயத்துத் தலைவருக்குத் தன் ஊருக்கு வர வேண்டியது தெரிந்துவிடும். யாரிடமும் போய் நிற்க வேண்டாம். இன்னொன்று, கிருஷி பவன் என்கிற வேளாண்மை அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவமனை போன்றவற்றை ஆட்களோடு சேர்த்துப் பஞ்சாயத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். சுகாதார நிலையத்தில் மருந்து தீர்ந்துபோனால் பஞ்சாயத்து தன் பணத்தில் வாங்க முடியும். நம் பக்கத்தில் அதற்கு மனு எழுத வேண்டும்.

கேரளத்தைப் புனிதப்படுத்தவும் நான் தயாரில்லை. வார்டுக்கு இவ்வளவு என்று பணத்தைப் பங்கு போட்டு, பெரிய வேலை எதுவும் நடக்காமல் போவது அங்கேயும் உண்டு. மார்ச் மாதத்தில் அவசர அவசரமாகச் செலவெழுதுவதும், மாநிலக் கஜானா வறண்டால் பில் பாஸ் ஆகாமல் கிடப்பதும் அங்கே அடிக்கடி வரும் புகார். அப்புறம் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எழுத்தறிவும் நிலச் சீர்திருத்தமும் வளைகுடாப் பணமும் 1996-க்கு முன்பே அங்கே வந்துவிட்டன. இன்று கேரளத்துக் கிராமம் நன்றாக இருப்பதில் எவ்வளவு பங்கு இந்த இயக்கத்தினுடையது, எவ்வளவு பங்கு முன்பிருந்தே வந்தது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மருத்துவமனை, அங்கன்வாடி, கழிப்பிடம் போன்ற அடிப்படை வசதிகளில் முன்னேற்றம் தெரிகிறது. வேலைவாய்ப்பையோ உற்பத்தியையோ பஞ்சாயத்து நிதி பெருக்கியது என்று அதே அழுத்தத்தோடு சொல்ல முடியாது.

சொந்த வருவாய் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். இது பலருக்குப் பிடிக்காது. ரிசர்வ் வங்கி ஊராட்சிகளின் நிதி நிலை பற்றி 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-23-ல் ஓர் ஊராட்சி தன் சொந்த வரியாகத் திரட்டியது நாடு முழுவதுக்கும் சராசரியாக 21 ஆயிரம் ரூபாய். மத்திய மானியமாக வந்தது சுமார் 17 லட்சம். தமிழ்நாட்டிலும் எந்த வீட்டுக்கு எவ்வளவு வரி என்று எழுதும் கேட்புப் பதிவேட்டைப் புரட்டினால் இதன் காரணம் கண்முன் தெரியும். கூரை வீடு என்று எழுதி, அதற்கு ஒரு சிறு தொகை கேட்பாகப் போட்டிருப்பார்கள். நேரில் போய்ப் பார்த்தால் அந்தக் கதவு எண்ணில் மொட்டை மாடியோடு இரண்டு தட்டு வீடு, வாசலில் கார். வீடு மாறிவிட்டது, பதிவேடு மாறவில்லை. செயலரைக் கேட்டால், "தலைவர் வேண்டாம் என்கிறார் சார்" என்பார். தலைவரைக் கேட்டால், "சில ஓட்டில் ஜெயித்தவன் நான், எங்க பெரியப்பா வீட்டுக்கே வரியை ஏற்ற முடியுமா?" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். எல்லாரும் எல்லாருக்கும் உறவாக இருக்கும் ஊரில் வரி போடுவது சென்னையில் உட்கார்ந்து வரி போடுவதைவிடப் பல மடங்கு கஷ்டம். மேலிருந்து வைத்த பூட்டுகளும் உண்டு. தொழில் வரிக்கு ஆண்டு உச்சவரம்பு 2,500 ரூபாய் என்று 1988-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். இன்றுவரை அதே தொகைதான்.

ஆனாலும் சொந்த வரிக்கு ஒரு தனிச் சக்தி இருக்கிறது. மானியம் குறைந்தால் ஊரில் யாருக்கும் தெரியாது. வீட்டு வரி கட்டியவர் மட்டும் கிராம சபையில் எழுந்து, "நான் கட்டின பணத்துக்கு என் தெரு லைட் ஏன் எரியல?" என்பார். நான் உட்கார்ந்த கிராம சபைகளில் கூர்மையான கேள்விகள் வந்ததெல்லாம் வரி வசூல் நன்றாக இருந்த ஊர்களில்தான். இது என் அனுபவத்தில் கண்டது, ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சொந்த வருவாயை வைத்து ஓர் ஊராட்சி எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குக் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை நல்ல சாட்சி. மின் கட்டணம்தான் அந்த ஊராட்சியின் பெரிய செலவு. 2006-ல் அவர்கள் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். விலை சுமார் 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மிச்சம் வங்கிக் கடன். ஊருக்குத் தேவையானது போக எஞ்சிய மின்சாரத்தை மின் வாரியத்துக்கு விற்று அந்தக் கடனை அடைத்தார்கள். மானியத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்த யோசனையே வந்திருக்காது, ஏனென்றால் எந்த மானியத்தின் விதியிலும் 'காற்றாலை வாங்கலாம்' என்று இருக்காது. ஓடந்துறையிடம் தானே சேர்த்த பணமும், துணிந்து கடன் வாங்கும் தலைமையும் இருந்தன. அப்போதைய தலைவர் சண்முகத்தின் பெயரை இன்றும் அந்தப் பக்கம் சொல்கிறார்கள். ஆனால் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊராட்சிகள் உள்ள மாநிலத்தில் இதை எல்லா ஊரும் செய்யலாம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். பெரும்பாலான ஊராட்சிகளிடம் சேமிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை.

வட்டார வளர்ச்சி பற்றிய பெரிய சந்தேகம் இங்கேதான் வருகிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து ஊராட்சிக்குத் தொழிற்சாலையும் அடுக்குமாடியும் வருவதால் வரியும் கட்டட அனுமதிக் கட்டணமும் கொட்டும். ராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட ஒன்றியத்தில் இருக்கும் ஊராட்சியில் வரி போடுவதற்கே வசதியான வீடு கொஞ்சம்தான். இருவரையும் 'உங்கள் காலில் நீங்களே நில்லுங்கள்' என்று விட்டால், முதல் ஊர் ஓடும், இரண்டாவது ஊர் உட்கார்ந்துவிடும். அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பது ஏற்றத்தாழ்வைத் தானாகக் குறைக்காது. மேலிருந்து சமன்செய்யும் கை இல்லாவிட்டால் கூட்டவும் செய்யும். 2006-07-ல் தொடங்கிய பின்தங்கிய பகுதிகள் மானிய நிதி இதற்காகவே வந்தது. தமிழ்நாட்டில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று ஆறு மாவட்டங்கள் அதில் இருந்தன. எந்த இடைவெளியை அடைப்பது என்று உள்ளூரே திட்டம் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதன் நல்ல அம்சம். 2015-ல் மத்திய அரசு அதை நிறுத்திவிட்டது. அது நின்றுபோனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

சமன்செய்யும் சூத்திரம் என்ன செய்ய முடியும் என்பதை பொலிவியாவில் பார்க்கலாம். 1994-ல் அந்த நாடு தேசிய வரி வருவாயில் 20 சதவீதத்தைத் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் நகராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது. அதுவரை கீழே போன நிதியில் 86 சதவீதத்தை மூன்று பெரிய நகரங்கள் எடுத்துக்கொண்டிருந்தன. சட்டம் வந்த பிறகு அது 27 சதவீதமாக இறங்கியது. சின்ன ஊர்கள் கிடைத்த பணத்தைக் கல்விக்கும் தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் திருப்பின என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் நாட்டிலும் மேற்கு வங்கம், ராஜஸ்தான் ஊராட்சிகளை வைத்து 2004-ல் வந்த ஓர் ஆய்வு, பெண்களுக்கு ஒதுக்கிய தலைவர் பதவி உள்ள ஊர்களில் குடிநீருக்கு முதலீடு கூடியதைக் காட்டியது. முடிவெடுக்கும் ஆளும் இடமும் மாறினால் செலவின் திசை மாறும் என்பது ஆகவே உறுதியான பக்கம். அப்படித் திசை மாறிய செலவால் ஒரு வட்டாரத்தின் வருமானம் கூடுகிறதா என்று கேட்டால் உலக அளவிலேயே பதில் கலவையாக இருக்கிறது. சில நாடுகளில் கூடியிருக்கிறது, சிலவற்றில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. 'நிதியைப் பிரித்தால் வளர்ச்சி நிச்சயம்' என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு சங்கடத்தைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. 2016-ல் நடக்க வேண்டிய ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை இழுத்தது. இடைப்பட்ட காலத்தில் தனி அலுவலர்கள் நிர்வாகம் செய்தார்கள்; தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாததால் மத்திய மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் முதல் தொகுதி ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். ஒரு பி.டி.ஓ. தன் ஒன்றியத்தில் இருக்கும் அத்தனை ஊராட்சிக்கும் தனி அலுவலர். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எந்தத் தெருவில் சாக்கடை முட்டுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. அதைத் தள்ளிப்போடுவதை எந்தக் கட்சியின் ஆட்சியில் பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் பலனை அனுபவிப்பது தொட்டியடியில் குடத்தோடு நிற்கிறவர்கள்.

உங்கள் ஊருக்கு நீங்கள் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியின் பெயரைப் போட்டால் மத்திய நிதிக்குழு மானியம் எவ்வளவு வந்தது, எந்த வேலைக்குப் போனது என்று தெரியும். மற்ற வரவு செலவு கிராம சபையில் படிவம் 30-ல் வைக்கப்பட வேண்டும். வாசித்துவிட்டு மடித்து வைப்பதற்குள் ஒரு நகல் கேளுங்கள், தரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். இரண்டையும் வைத்துக்கொண்டு மின் கட்டணம், தண்ணீர்க் கட்டணம், சம்பளம் மூன்றையும் கழியுங்கள். குடிநீர் இனத்தில் செலவாகாமல் பணம் கிடந்தால் கேட்க வேண்டியது ஊராட்சியை. அது ஒழுங்காகச் செலவாகியும் தொட்டி நிறையவில்லை என்றால், உங்கள் ஊருக்கு ஒதுக்கப்பட்ட லிட்டர் அளவு என்ன, தினமும் வந்து சேருவது என்ன என்று எழுத்தில் கேட்க வேண்டிய இடம் குடிநீர் வடிகால் வாரியத்தின் கோட்ட அலுவலகம். கிராம சபைத் தீர்மானத்தின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள். தனி ஆளின் மனுவைவிட அதற்குப் பதில் சீக்கிரம் வரும்.